ஏரியோரம் கொட்டிய அந்த ஒரு லோடு

மகனே, நேற்றுக் காலை கல்யாணப் பத்திரிகை வைக்க வேண்டியவர்களின் பட்டியலைச் சாப்பாட்டு மேசைமேல் விட்டுவிட்டு நீ யார்டுக்குக் கிளம்பிப் போனாய். ஒருமுறை சரிபார்க்கச் சொல்லியிருந்தாய், பார்த்தேன். நான் எழுதிக் கொடுத்த பெயர்களில் ஒன்றே ஒன்றின்மேல் நீ கோடு போட்டிருந்தாய். பாபு. பேனாவை அழுத்தி இரண்டு தடவை இழுத்திருந்தாய், தாளின் பின்பக்கம்கூடத் தடம் தெரிந்தது. இருபத்திரண்டு வருஷம் நம் டிப்பரை ஓட்டியவன், நீ மாமா என்று கூப்பிட்டு வளர்ந்தவன், இன்று உன் கல்யாணத்துக்கு வேண்டாதவனாகிவிட்டான். அவன் அப்படி ஆனதற்குக் காரணம் நான். எப்படி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நேரில் சொல்லலாம்தான். நேரில் சொன்னால் பாதியில் எனக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் உன்மேல் ஏதாவது ஒரு குற்றத்தைக் கண்டுபிடித்து அதையே பிடித்துக்கொண்டு நிற்பேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் மற்றது உனக்கு விளங்காது. எனக்கு உன்மேல் பொறாமை. பிள்ளை நன்றாக இருந்தால் பெற்ற வயிறு குளிரும் என்பார்கள். குளிர்ந்தது, இல்லை என்று சொல்லவில்லை. கூடவே எரிந்தது. குளிர்ந்ததும் எரிந்ததும் ஒரே வயிறுதான். பெருமை மட்டும்தான் வரும் என்று சொல்கிறவர்களின் பிள்ளைகள் வேறு ஏதோ வேலைக்குப் போயிருப்பார்கள். அதே தொழிலில், அதே தெருக்களில், அதே ஆட்களிடம், அம்மா செய்துவந்தது தப்பு என்று சொல்லிக்கொண்டே ஒரு பிள்ளை மேலே வந்தால் எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு என்ன தெரியும். நீயும் நாளைக்கு ஒருத்தியோடு குடித்தனம் நடத்தப் போகிறவன், கேட்டுக்கொள். பொறாமை வந்தால் வந்தது என்று வாயைத் திறந்து சொல்லிவிடு. நான் சொல்லாமல் உள்ளே வைத்துப் பூட்டினேன், அது ஒரு மனுஷனின் வேலையைத் தின்றுவிட்டது.

உன் அப்பா போனபோது நீ இரண்டாம் வகுப்பு. வாசலில் ஒரு டிப்பர் நின்றது, அதை ஓட்டத் தெரியாத நான் இருந்தேன். காரியம் முடிந்த மறுநாள் பாபு வந்து நின்று, "வண்டிய வித்துடாதக்கா. நான் ஓட்றேன், நீ பக்கத்துல குந்திக்கோ" என்றான். குந்திக்கொண்டேன். பொம்பளை ஒருத்தி ரப்பிஷ் வண்டியில் போகிறாள் என்று ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் சிரித்தவர்கள் உண்டு. தாம்பரத்தைச் சுற்றிப் பழைய வீடுகள் இடிபட இடிபட, சிரித்தவர்களே ஃபோன் நம்பர் கேட்டார்கள். ஒரு வீட்டை இடித்தால் கதவு, ஜன்னல், நிலையெல்லாம் மரக்கடைக்குப் போகும், கம்பி பழைய இரும்புக்குப் போகும். மிச்சமாகக் கிடக்கிற கல்லும் காரையும்தான் ரப்பிஷ், அதுதான் நமக்குச் சோறு. கூடுவாஞ்சேரியில் மனை போடுகிறவர்கள் பள்ளத்தை மேடாக்கக் கேட்டால் அங்கே கொட்டுவோம். யாரும் கேட்காத நாளில் ஏரியோரம் கொட்டுவோம். யாரும் கேட்காத நாள்தான் அதிகம்.

அந்தப் பெருமழையில் நம் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது உனக்கு நினைவிருக்கும். புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டில்மேல் உட்கார்ந்திருந்தாய். "ஏரி பக்கத்துலதானே இருக்கு, தண்ணி ஏன்மா அங்க போகாம இங்க வருது?" என்று கேட்டாய். மழை ஜாஸ்திடா என்றேன். ஏரிக்குப் போகிற கால்வாயின் வாயை நானும் என்னைப் போன்ற நாலு பேரும் சேர்ந்து மூடியிருந்தோம். தெரிந்தேதான் உன்னிடம் மழையின்மேல் பழியைப் போட்டேன். பிற்பாடு இன்ஜினியரிங் படித்துவிட்டு வந்து அதை நீயாகவே கண்டுபிடித்தாய். அன்றைக்கு நீ என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தி முடித்திருப்பேன். நீ திட்டவில்லை. "உனக்கு அப்போ வேற வழி இல்லம்மா" என்று சொல்லித் தோளைத் தட்டிக் கொடுத்தாய். அந்த இரக்கம் எனக்குச் செரிக்கவே இல்லை.

பிறகு நீ கூடுவாஞ்சேரி தாண்டி அந்த யார்டைப் போட்டாய். இடிக்கிற வீட்டைப் பிரித்து எடுப்பாயாம், செங்கல் தனி, மரம் தனி, ஒயர் தனி, கான்கிரீட்டை அரைத்துத் தரைக்குப் போடும் கல்லாக்குவாயாம். ஒரு வருஷம் தாங்காது என்று நான்தான் ஊரெல்லாம் சொன்னேன். தாங்கியது. மெயின் ரோட்டில் ஒரு டீச்சரம்மா வீடு, அவர்கள் வீட்டில் எத்தனை தடவை என் வண்டி நின்றிருக்கும். கேட்டுக்கு வெளியே பாட்டிலில் தண்ணீர் தருவார்கள், அதோடு சரி. நீ மாடியை இடிக்கப் பேசப் போனபோது நானும் கூட வந்தேன். உன்னைக் கூடத்தில் சோபாவில் உட்கார வைத்து, கப்பும் சாஸருமாகக் காபி கொடுத்தார்கள். உன்னோடு வந்ததால் எனக்கும் கிடைத்தது. அந்த வீட்டுக் கூடத்தின் தரை என்ன நிறம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். காபி நன்றாகத்தான் இருந்தது, என்னால் பாதிக்குமேல் குடிக்க முடியவில்லை.

பாபுவும் உன் பக்கம் சாய்ந்தான். என் வண்டிதான், என் சம்பளம்தான், வாய் மட்டும் உன்னுடையதாகிவிட்டது. ஒரு நாள் டீக்கடையில் இன்னொரு டிரைவரிடம், "கலந்துட்டா அது குப்பை, பிரிச்சு வெச்சா சரக்கு" என்று பெரிய ஆள் மாதிரி பேசிக்கொண்டிருந்தான். அது நீ சொல்லிக் கொடுத்தது. "இன்னா பாபு, காலேஜ்ல சேந்துட்டியா?" என்று கேட்டேன். "தம்பி சொல்றது கரெக்டாதாங்கா கீது" என்று சிரித்தான். என்னோடு இத்தனை வருஷம் வண்டியில் வந்தவன், நான் சொன்னது கரெக்ட் என்று ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. சரிக்கா என்பான், அவ்வளவுதான். அன்றைக்கு அவன்மேலும் பொறாமை, உன்மேலும் பொறாமை, எது பெரிது என்று எனக்கே தெரியவில்லை.

சேலையூர் அடுக்குமாடி வேலை வந்தது அதற்குப் பிறகு. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு பழைய கட்டடங்கள். குடியிருந்தவர்களே சங்கமாகச் சேர்ந்து இடித்துக் கட்ட முடிவெடுத்து, முதல் கட்டடத்தை உன்னிடம் கொடுத்தார்கள். கூட்டத்தில் எழுந்து நின்று, "இங்கேர்ந்து ஒரு லோடுகூட ஏரிக்குப் போகாது சார், உங்க கான்கிரீட் உங்க காம்பவுண்டுக்கே கல்லா திரும்பி வரும்" என்று சொன்னாய். கை தட்டினார்கள். பின் வரிசையில் நானும் தட்டினேன். லோடு அடிக்க என் டிப்பரைத்தான் வாடகைக்கு எடுத்தாய், அம்மாவுக்கும் வேலை இருக்கட்டும் என்று. நீ நல்ல எண்ணத்தில்தான் செய்தாய். என் காதில் அது பிச்சை போட்ட மாதிரி விழுந்தது.

அந்த வியாழக்கிழமையைச் சொல்கிறேன். காலையில் பொத்தேரியிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் யார்டுக்கு வந்திருந்தார்கள். நீ கைக்கு ஒன்றாக இரண்டு செங்கல்லை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டி, கணீரென்று கேட்டால் நல்ல கல், மொத்தென்று கேட்டால் ஒதுக்கு என்று காட்டினாய். ஒரு பெண், "இது எங்க சார் கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டாள். "பெங்களூர்ல இன்டர்ன்ஷிப் பண்ணேன், அங்கதான்" என்றாய். பள்ளி லீவு நாளில் வண்டியில் உட்கார முடியாமல் நீ அழுதபோது, அழுகையை நிறுத்த இரண்டு கல்லைக் கையில் கொடுத்துத் தட்டிக் காட்டியவள் நான். உனக்கு அது மறந்திருக்கும், சின்ன வயது. அங்கே நின்ற எனக்கு மறக்கவில்லையே. போதாததற்கு ஒரு பையன் என்னிடம் வந்து, "நீங்க இங்க வேலை பாக்குறீங்களாம்மா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து சேலையூருக்குப் போனேன்.

சைட்டில் உன் ஆட்கள் ஃபால்ஸ் சீலிங்கின் வெள்ளை ஜிப்சம் பலகையெல்லாம் கழற்றி ஓர் ஓரமாக அடுக்கியிருந்தார்கள். பெயிண்ட் டப்பா, உடைந்த கழிப்பறைச் சாமான், சமையலறை டைல்ஸ் எல்லாம் தனித்தனிக் குவியல். நடுவில் கான்கிரீட். பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது. பொக்லைன்காரர் எதை ஏற்றுவது என்று கேட்டார். "எல்லாம் ஒண்ணுதான், அள்ளிப் போடு" என்றேன். அடியில் சீலிங் பலகையும் டப்பாவும் டைல்ஸும், மேலே கான்கிரீட். பாபு கேபினிலிருந்து இறங்கி ஓடிவந்தான். "அக்கா, வோணாங்கா. அந்தப் பலகை கலந்தா அரைச்சுப் போடற கல்லு வெடிப்பு வுட்டுடும்னு தம்பி படிச்சுப் படிச்சு சொல்லிச்சு." நான், "வண்டி யாருது? தம்பியுதா, என்னுதா? ஓட்ட இஷ்டம் இல்லன்னா சாவிய வெச்சுட்டு இறங்கு" என்றேன். அவன் ஏறி வண்டியை எடுத்தான். எனக்கு என்ன கணக்கு என்றால், உன் யார்டில் எல்லாம் கலந்துபோய் இரண்டு நாள் நீ திணறுவாய், அப்போது அம்மா என்று என்னிடம் வந்து நிற்பாய். அந்தக் கணக்குக்கு வெட்கப்படுகிறேன், இருந்தாலும் அதுதான் கணக்கு.

யார்டு கேட்டில் நிற்கிற பெண் நீ பழக்கியவள். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்து, குச்சியால் குத்திப் பார்த்து, வெள்ளைப் பலகை தெரிந்ததும் வண்டியைத் திருப்பிவிட்டாள். சைட்டுக்கே கொண்டுபோய்ப் பிரித்து எடுத்துவருகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு பாபு எனக்கு ஃபோன் செய்தான். "கேட்ல வுடலக்கா. திரும்பி சைட்டுக்கே வர்றேன்." என் பிள்ளை போட்ட கேட்டில் என் வண்டிக்கு இடம் இல்லை என்பது மட்டும்தான் எனக்குக் கேட்டது. "இங்க கொண்டாராத. ஏரியோரம் தட்டிட்டுப் போ" என்றேன். "நெஜமாவாக்கா சொல்ற?" என்றான். சொன்னதைச் செய் என்று வைத்துவிட்டேன். ஊரே சாப்பிட்டுவிட்டு அசந்திருந்த மதிய வெயிலில், பழகிய இடத்தில், அவன் லோடைத் தட்டிவிட்டுப் போனான்.

மறுநாள் காலை அந்தச் சங்கத்துப் பெரியவர் ஒருவர் ஏரிப் பக்கம் நடைப்பயிற்சிக்குப் போயிருக்கிறார். மஞ்சள் பூப் போட்ட டைல்ஸ், அவர் வீட்டுச் சமையலறையில் அவர் மனைவி கடை கடையாக அலைந்து வாங்கி ஒட்டியது, சேற்றில் கிடந்திருக்கிறது. படம் எடுத்து வாட்ஸாப்பில் போட்டுவிட்டார். சாயங்காலம் சைட்டில் எல்லார் முன்னாலும், "ஒரு லோடுகூடப் போகாதுன்னு சொன்னீங்களே தம்பி, இது என் வீட்டுச் சுவரு" என்று கேட்டார். அவர் கத்தவில்லை, அதுதான் உன்னைக் கொன்றது. நீ பாபு பக்கம் திரும்பி, யார் கொட்டச் சொன்னது என்று கேட்டாய். பாபு என்னைப் பார்த்தான். நான் கையில் டீ டம்ளரோடு நின்றிருந்தேன். "நான்தான் தம்பி. கேட்ல திருப்பிட்டாங்க, டைம் ஆயிடுச்சுன்னு தட்டிட்டேன். மன்னிச்சுக்கோ" என்றான். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன். "எத்தினி வருஷப் பழக்கம், அவ்ளோ சீக்கிரம் போயிடுமா" என்று சொன்னேன். நீ அவனிடம் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றாய். அவனுக்குச் சம்பளம் கொடுக்கிற நானும் தடுக்கவில்லை.

இரண்டாவது கட்டடத்தை உனக்குக் கொடுக்கவில்லை. வேறு ஒருவர் பத்து நாளில் இடித்து வழித்துவிட்டார். அது எங்கே போனது என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். கட்டடம் முழுக்க, பலகை, டப்பா, கான்கிரீட் எல்லாம் ஒன்றாக, ஏரியோரம்தான் போனது. நீ பிரித்திருந்தால் அதில் முக்கால்வாசி மறுபடி சுவராகவும் நடைபாதையாகவும் ஆகியிருக்கும். என் ஒரு லோடு அத்தனை லோடையும் இழுத்துக்கொண்டு போனது. இதையெல்லாம் தெரிந்துகொண்டும் நான் இரண்டு மாதம் உன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன். உனக்கு இட்லி வைத்தேன், பெண் வீட்டாரோடு மண்டபம் பார்த்தேன். ஒன்று மட்டும் சொல்லுகிறேன், இது புத்திமதிதான், என்னிடமிருந்து வருகிறது என்று தள்ளிவிடாதே. ஒரு தப்பைத் தன்னுடையது என்று ஒரு ஆள் ஒப்புக்கொண்டால், ஒப்புக்கொள்வதற்கு முன்னால் அவன் யாரைப் பார்க்கிறான் என்று பார். அன்றைக்கு நீ பார்க்கவில்லை. உன் அம்மா பக்கம் பார்க்க உனக்குத் தோன்றவே இல்லை.

பட்டியலைப் பார்த்த பிறகு நேற்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. இன்று காலை தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமம், பத்திரிகை எல்லாம் எடுத்துக்கொண்டு பொத்தேரிக்குப் போனேன். பாபு அங்கே மாணவர்கள் தங்கியிருக்கிற விடுதிகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறான். முதல் ட்ரிப் முடித்துவிட்டு வீட்டில் இருந்தான். அவன் மனைவி நாற்காலி போட்டாள், கல்யாண ஏற்பாடெல்லாம் விசாரித்தாள், அவளிடமும் அவன் எதையும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. நான் எழுந்து நின்று இரண்டு கையாலும் தட்டை நீட்டினேன். அவனும் எழுந்து நின்றான், கையை மட்டும் நீட்டவில்லை. "தம்பிக்குத் தெரியுமாக்கா?" என்றான். இல்லை என்றேன். "அப்போ வோணாங்கா."

"எனக்காக நீ பழிய ஏத்துக்கினே பாபு. அத நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்" என்றேன். வழியில் யோசித்து வைத்துக்கொண்டு போன வார்த்தை அது. அவன் தலையை ஆட்டினான். "உனக்காக இல்லக்கா. தப்பா எடுத்துக்காத. பெத்தவளே இப்டி பண்ணிச்சுன்னு தெரிஞ்சா புள்ள தாங்காதுன்னுதான் சொன்னேன். தூக்கி வளத்த புள்ளக்கா அது." அவன் அதை எந்தக் கோபமும் இல்லாமல் சொன்னான். இரண்டு மாதமாக அவனுடைய விசுவாசம் ஒன்றாவது என்னிடம் மிச்சம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பொய்கூட உனக்காகச் சொன்னதுதான். அவன் வீட்டு நடுவில் தட்டோடு நின்றுகொண்டு, இந்த வயதில், இவ்வளவு நடந்த பிறகும், எனக்கு உன்மேல் பொறாமையாக இருந்தது.

எல்லாம் சொல்லிவிட்டேன். அப்பா இல்லாவிட்டால் என்ன, மணமேடையில் அம்மாதான் என் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று பெண் வீட்டாரிடம் சண்டை போட்டு வாங்கியிருக்கிறாய். இதைப் படித்த பிறகும் அப்படித்தான் வேண்டுமா என்பது உன் இஷ்டம், கீழே உட்காரச் சொன்னால் உட்கார்கிறேன். அந்தச் சங்கத்துப் பெரியவரிடம் நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன், அதற்கு நீ வர வேண்டாம். பாபுவிடம் மட்டும் நீ போக வேண்டும். நான் கிளம்பும்போது அவன் தட்டில் இருந்த பத்திரிகைக் கவரின் மேல் எழுதியிருந்த தன் பெயரைப் பார்த்தான். இருபத்திரண்டு வருஷம் லோடுச் சீட்டில் பார்த்த என் கையெழுத்து அவனுக்குத் தெரியாதா. "இத்த தம்பி எழுதட்டும்" என்று சொன்னான், வாங்கிக்கொள்ளவில்லை. இந்தக் கடிதத்துக்கு அடியில் பெயர் எழுதாத பத்திரிகைக் கவர் ஒன்று வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்.